செத்தவன் எப்படிக் காட்டிக்கொடுப்பான்?

என்றைக்கோ செத்துப்போன என் புருஷன் பவுல் போன ஞாயிற்றுக்கிழமைதான் துரோகி ஆனார், அதுவும் டிவி தொடரில். தங்கம் கடத்திய மரியானை அவர் சுங்கக்காரர்களிடம் காட்டிக்கொடுத்தாராம். அதனால் அவரைக் கடலில் தள்ளிக் கொன்றார்களாம். பெயரைக்கூட மாற்றவில்லை, பாவிகள்.

மரியானின் மகன் பிரைட்டன் மணப்பாட்டுக் கடற்கரையில் பெரிய திரை கட்டி ஊருக்கே அதைக் காட்டினான். அப்பனை வள்ளலாகக் காட்டியதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. என் மகன் செல்வின் அவனுடைய விசைப்படகில்தான் டிரைவர். அன்றைய பகுதி முடிந்ததும் எவனோ, "காட்டிக்கொடுத்தவன் மவன் போறான் பாரு" என்றான். என் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

நேரே திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எம்மா, வேண்டாம். வேல போயிரும்" என்று செல்வின் ஓடிவந்தான்.

"போனாப் போவுது, கைய விடுலே."

பிரைட்டன் சிரித்தான். "கததான மாமி, இதுக்குப் போயி..."

"அப்பம் ஒங்கப்பன் வள்ளல்ங்கதும் கததானா?" என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

ஊர்ப் பக்கம் திரும்பினேன். "பவுலுக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச பொறவுதான கஸ்டம்ஸ்காரன் மரியானப் புடிச்சான்? அந்தப் பூசைக்கு வந்து எங்க வீட்ல கறிசோறு தின்னவங்க எல்லாம் இங்கனதான உக்காந்திருக்கிய? செத்தவன் எந்திரிச்சுப் போயா காட்டிக்கொடுத்தான்?"

தின்ற சோறு மறந்துவிட்டது, டிவியில் பார்த்தது மட்டும் வேதவாக்கு! மானங்கெட்ட ஊர்.

"கடலுக்கடியில போட்டுவச்ச தங்க மூட்டைய எடுக்க முங்குனாரு எம் புருஷன். கஸ்டம்ஸ் லாஞ்சு வருதுன்னதும் அவரு மேல வாரதுக்குள்ள தோணியத் திருப்பிட்டு ஓடியாந்தான் மரியான். இதான் நடந்தது."

"மெய்தான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

பிரைட்டன் கிட்டே வந்தான். "அப்பம் எங்கப்பாவ யாரு மாமி காட்டிக்கொடுத்தது?" என்னிடம் கேட்டவன் செல்வினைப் பார்த்தான்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். புருஷன் பேர் தப்பிவிட்டது, மகன் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் அடக்கியது போதும் என்றிருந்தது.

"நாந்தாம்லே. பூசை முடிஞ்ச மறுநாளே தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போயி நாந்தான் சொன்னேன். இன்னைக்கும் சொல்லுவேன். என்ன செய்வ?"

அவன் பல்லைக் கடித்தான். செல்வின் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து படகுச் சாவியை எடுத்து பிரைட்டன் கையில் வைத்தான்.

"அடுத்த வாரமாவது சரியாப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். "எங்கம்மா பேரு அந்தோணியம்மாள்."