ஏழாண்டு ஊறிய பழம்

பழம் ஊறத் தொடங்கிய மூன்றாம் ஆண்டின் பிப்ரவரியில், ஹெப்சிபா டொரிங்டனின் வீடு பார்ட்டிகா நகரின் ஐந்தாம் அவென்யூவை விட்டு, ஆற்றை நோக்கி நாளொன்றுக்கு ஓர் அடி வீதம் நடக்கத் தொடங்கியது. அந்த ஊரில் எல்லா வீடுகளும் ஆளுயர மரக்கால்களின் மேல் நிற்பவையாதலால், நடப்பதற்கு அதற்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. சேற்றில் இறங்கிய மனிதன் காலை உருவி எடுத்து வைப்பதுபோல, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. தெருவின் நடுவே அது வந்தபின் கழுதை வண்டிகள் அதன் அடியில் புகுந்து சென்றன. மழை நாட்களில் அங்கேயே சற்று நின்றும் சென்றன.

காரணத்தை ஊரார் அறிவர். மகள் யூலாலிக்கும் செப்டிமஸ் ஹைண்ட்ஸுக்கும் நிச்சயமான அன்று, வழக்கப்படி, மாப்பிள்ளை முதற்கை உலர்திராட்சையைக் கண்ணாடிச் சாடியில் இட்டான். பெண் ரம் ஊற்றினாள். பிறகு உலர்ந்த பிளம்ஸும் செர்ரியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தன. அப்படி மூடிய சாடி கல்யாண கேக்குக்கே உரியது. குறைந்த ரம்மை நிரப்புவதற்கன்றி அதைத் திறப்பதில்லை. மறுவாரம் செப்டிமஸ் மேலாற்றுக்குத் தங்கம் தோண்டப் போனான். கிறிஸ்துமஸுக்குள் திரும்புவதாகச் சொன்னான். பழம் ஓராண்டு ஊறுவது இயல்பு. ஈராண்டு என்பது பொறுமை. அதற்கு மேல் எவரும் முயன்றதில்லை. முதலாண்டின் முடிவில் சாடியின் மூடி தானாக அதிர்ந்தது. இரண்டாமாண்டில் கரண்டிகளும் நாற்காலிகளும் ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டன. திருப்பி வைத்தால் மதியத்துக்குள் மீண்டும் திரும்பின. அதற்கடுத்துத்தான் வீடு நகர்ந்தது. மாதந்தோறும் ஹெப்சிபா ரம் நிரப்பும் நாளில் மட்டும் அது இரண்டடி நடந்தது.

யூலாலி தையற்காரி. மேசையில் வைத்த சுண்ணக்கட்டி உருண்டது. நேராகப் போட்ட தையல் சாய்ந்து முடிந்தது. அளவு கொடுத்துப் போனவர்கள் உடுப்பு வாங்க வந்து வேறிடத்தில் தேடினார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து முழுதாக ஓர் உடுப்பைத் தைத்து முடிக்க அவளால் இயலவில்லை. செப்டிமஸை அவள் மொத்தம் பதினொரு முறை பார்த்திருந்தாள். அவன் முகத்தில் மீசை இருந்ததா என்பது ஐந்தாமாண்டில் அவளுக்கு ஐயமாயிற்று. வீடு அவனைத் தேடிப் போகிறது என்பதிலும், தன்னையும் உள்ளே வைத்துக்கொண்டு போகிறது என்பதிலும் அவளுக்கு ஐயமில்லை.

பழைய அண்டைவீட்டுக்காரி அடினா வேலிக்கு அப்பால் நின்று பேசும் வழக்கத்தை விடாமல், வேலி இல்லாமற்போன பிறகும் வீட்டின் கூடவே நடந்து பேசினாள்.

"மிஸ் ஹெப்சி, இந்த வருஷமாவது அதை அடுப்புல ஏத்துங்க. உங்க விலாசத்தை தபால்காரன் எங்கிட்ட வந்து கேக்கறான்."

"மாப்பிள்ளை இல்லாம கல்யாண கேக் சுடுவாங்களா? உன் வீடு நின்ன இடத்துலயே நிக்குதுன்னு உனக்குப் பொறாமை."

வீடு வீதியை மறிப்பதாக நகர மேற்பார்வையாளர் ஒன்பது முறை அறிவிப்பு அனுப்பினார். ஒவ்வொன்றும் வந்து சேர்வதற்குள், அதில் குறித்த இடத்தை வீடு கடந்திருந்தது.

ஏழாமாண்டு டிசம்பரில் முன்கால்கள் இரண்டும் ஆற்றங்கரைச் சேற்றைத் தொட்டன. அன்று காலை யூலாலி சாடியைத் தூக்கி வந்து அடுப்பங்கரையில் வைத்தாள்.

"அதைத் தொடாத. அவன் வந்து நின்னா என்ன சொல்லுவ?" என்றாள் ஹெப்சிபா.

"வந்தா ஒரு துண்டு குடுப்பேன். நாளைக்கு வீடு தண்ணில எறங்கிடும்மா. எனக்கு அவன்கிட்டப் போக மனசில்ல."

"ஏழு வருஷம் காத்திருந்ததெல்லாம்?"

"காத்திருந்தது நீங்க. நான் தைச்சுக்கிட்டிருந்தேன்."

யூலாலி பழத்தை அரைத்தாள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, பதினெட்டு முட்டை அடித்துச் சேர்த்தாள். தனியே இரும்புச் சட்டியில் சர்க்கரையைக் கருக்கினாள். ஒரு மூச்சு முந்தினால் கேக் கறுக்காமல் பழுப்பாகவே நிற்கும், ஒரு மூச்சு பிந்தினால் கசக்கும் என்பதால், புகையில் கண்ணீர் வழிய நின்று, சரியான மூச்சில் வெந்நீர் ஊற்றினாள். தரை ஆற்றுப்பக்கம் சரிந்திருந்தமையால், ஒன்பது அறிவிப்புகளையும் மடித்துக் கேக் தகரத்தட்டின் கீழே முட்டுக்கொடுத்தாள். அடுத்த சாடிக்கு வித்தாக ஒரு கிண்ணம் பழத்தை எடுத்து வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அவள் அவ்வாறு செய்யவில்லை. சாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆனால் சர்க்கரை புகைந்த வேளையில், ஹெப்சிபா அரைத்த பழத்தில் ஒரு கிண்ணம் அள்ளித் தன் அறைக்குக் கொண்டு போயிருந்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு கேக் வெந்தது, வீடு நின்றது. ஹெப்சிபாவின் அறை மட்டும் நிற்கவில்லை. அதன் ஆணிகள் தாமே கழன்று தரையில் வரிசையாக விழுந்தன. பலகைகள் சத்தமின்றி விலகின. கட்டில், அலமாரி, ஹெப்சிபா ஆகியவற்றுடன் அறை தன் இரண்டு கால்களால் நீரில் இறங்கி, ஆழம் வந்ததும் மிதந்து, ஓட்டத்துக்கு எதிராக மேலாற்றுக்குத் திரும்பியது. மேலாற்று விசைப்படகின் தலைவர் ராம்சரூப் வழிவிட்டுப் படகை நிறுத்தினார்.

"எங்க கெளம்பிட்டீங்க, மிஸ் ஹெப்சி?"

"மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர."

"மேல அருவி இருக்கே."

"அது இந்த அறையோட பாடு."

யூலாலி முழங்காலளவு நீரில் நின்றாள். அதற்கு மேல் போகவில்லை. வெட்டிய முதல் துண்டைத் தாளில் சுற்றி, ராம்சரூப் நீட்டிய துடுப்பின் தட்டையில் வைத்தாள். அவர் அதைச் சன்னலுக்கு நீட்டினார். ஹெப்சிபா மோந்து பார்த்து, "சர்க்கரை சரியாக் கருகியிருக்கு," என்றாள். மகளின் சமையலைப் பற்றி அவள் சொன்ன நல்ல சொல் அது ஒன்றே.

யூலாலி மீதி கேக்கைத் துண்டுகளாக்கி ஊரில் வீட்டுக்கு ஒன்று அனுப்பினாள். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டவர்களுக்கு, யாருக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். கேக் ஒன்றும் திரும்பி வரவில்லை. அறை போன இடத்துச் சுவரை அவள் அடைக்கவில்லை. தையல் எந்திரத்தை அங்கே போட்டுக்கொண்டாள். தையல் நேராக விழுகிறது. செப்டிமஸ் எந்த முகாமிலும் ஒரு மாதம் தங்குவதில்லை என்று மேலாற்றிலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள். அறை முதல் அருவியை இரண்டாண்டில் ஏறியது. இரண்டாவதை ஒரே கோடையில். டிசம்பர்தோறும் ராம்சரூப், யூலாலி கொடுத்தனுப்பும் ஒரு துண்டு கேக்கும் ஒரு புட்டி ரம்மும் கொண்டு போய்க் கொடுத்து, சென்ற ஆண்டுத் தட்டைத் திருப்பிக் கொண்டு வருகிறார். படகு நிறுத்தங்களின் பலகையில் ஹெப்சிபாவுக்கும் ஒரு வரி உண்டு. எந்த ஊருக்கு அடுத்து என்பதை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை அழித்து எழுதுகிறார்கள்.