பவானியின் இடது கால்

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து நான்கு நாள் ஆகிறது. நான் மருந்து போடவில்லை. சீக்கிரம் ஆறிவிடக்கூடாது.

நாத்தனார் பவானி கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்வதற்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். மூன்று நாள் களத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தபடி ஆய்ந்தாள். நான்காம் நாள் காலை இடது கால் தொடை வரைக்கும் வீங்கி நீலம் பாரித்துவிட்டது. வலது கால் எப்போதும் போல் இருந்தது.

மாமியார் கிளியம்மாள் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார். முந்தின நாள் என் குழந்தைக்குச் சுற்றிப்போட்ட எலுமிச்சம்பழத்தை முச்சந்தியில் எறிந்திருந்தேன். பவானி களத்துக்குப் போனது அந்த வழிதான்.

"வேணும்னே எம்பொண்ண மிதிக்க வச்சிட்டியேடி!"

தெருவே கூடிவிட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். என் புருஷன் இளவழகன் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றார். அணைத்தேன். கை பொத்துப்போனதும், "பாத்தீங்களா, பொய் சத்தியம்!" என்றார் மாமியார்.

உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், மறைப்பானேன்? பழத்தை எறிந்தது நான்தானே. ஒருவேளை...

மாமியார் எண்ணெய் காய்ச்சி, மகளின் காலை உருவ உட்கார்ந்தார். பவானி வலியில் அலறினாள். அவள் செத்தால் ஆயுசுக்கும் நான்தான் கொலைகாரி. பாசம் பொங்கி அல்ல, ஆத்திரத்தில்தான் ஆட்டோவைக் கூப்பிட்டு அவளைத் தூக்கி ஏற்றினேன். மாமியார் ஏசிக்கொண்டே கூட ஏறினார். விக்கிரவாண்டி தாண்டும் வரைக்கும் அந்த வாய் ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். வலது காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய், இடது காலிலிருந்து ரத்தம் திரும்பி வருகிற குழாயின் மேல் ஏறி, அதை முதுகெலும்போடு வைத்து அழுத்துகிறதாம். அங்கே ரத்தம் தேங்கி உறைந்துவிட்டது. காலை இன்னும் உருவியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். கட்டியை எடுத்து, நசுங்கின இடத்தில் ஸ்டென்ட் வைக்க வேண்டும்.

"யாரோ செஞ்சதுதானம்மா இது?" என்றார் மாமியார், என்னைப் பார்த்துக்கொண்டே.

"யாரும் எதுவும் செய்யலைங்க. பொறந்ததுலேருந்தே உள்ள அப்படித்தான் இருக்கு. நாள் பூரா உக்காந்ததுல இப்ப வெளிய தெரிஞ்சிருக்கு."

நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"டாக்டர், கொஞ்சம் சத்தமா இன்னொருவாட்டி சொல்லுங்க. அத்தைக்குக் காது மந்தம்."

பாம்புக் காது அவருக்கு. டாக்டரம்மா பாவம், உண்மையென்று நம்பி உரக்கச் சொன்னார். வார்டு முழுக்கக் கேட்டது.

டாக்டரம்மா நகர்ந்ததும் மாமியார் பக்கம் திரும்பினேன். "பெத்தது நீங்கதானே அத்தே? எலுமிச்சம்பழத்த வயித்துக்குள்ளயே வச்சிப் பெத்துட்டீங்களா?"

பவானி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமியாரின் உதடு கோணியது. எண்ணெய்ப் பிசுக்கு போகாத கையை என் முன்னால் நீட்டினார்.

"கற்பூரம் ஏத்துடி. அணைக்கிறேன். தப்புதான்."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை.

"இங்க வேணாம் அத்தே. கோயில் வாசல்ல. அன்னிக்கி நின்ன அத்தினி பேரும் நிக்கணும். பவானியும் நடந்து வந்து பாக்கணும்."

பவானிக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று. மூன்று நாளாக அவளுக்குக் கஞ்சி ஊட்டுவதும், மாத்திரையை மணி பார்த்துக் கொடுப்பதும் நான்தான். நர்ஸம்மா நேற்று என்னைப் பார்த்து, "கூடப்பொறந்த அக்காவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவள் நடந்தே ஆகவேண்டும்.