ஒழுகும் கூரை தேவை

அப்பன் ஆத்தாள் உயிரோடு இருக்கும்போதே தத்துப் போன பிள்ளை எங்கள் ஆஸ்பத்திரி. பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். கன்னட நாட்டில், தொம்மலூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சோனியா, அங்கே ஆபரேஷன் தியேட்டருக்குப் பொறுப்பான நர்ஸ். 'எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் கையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், கொடையாளிகளைத் தேடிக்கொள்ளுங்கள்' என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர். எங்கள் சூப்பரின்டெண்ட் டாக்டர் உமேஷ் தேடினார். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கிடைத்தது.

தியேட்டரைப் புதுப்பித்துத் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தேவை இருக்கத்தான் செய்தது. மழை பெய்தால் ஆபரேஷன் மேஜைக்கு நேர் மேலே கூரை ஒழுகும். ரிப்பேருக்கு நாங்கள் பலமுறை எழுதிப் போட்டோம். மழையில் வந்தவர்கள், ஈரத்தில் பூச முடியாது, மழை நிற்கட்டும் என்றார்கள். மழை நின்றபின் வந்தவர்கள், எங்கே ஒழுகுகிறது, காட்டுங்கள் என்றார்கள்.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் எல்லம்மா. அபார்ட்மெண்ட் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தால்தான் நிற்கும். ஆபரேஷனைத் தாங்க உடம்பில் ரத்தம் இல்லையென்று பை பையாக ரத்தம் ஏற்றித் தேற்றுவோம், தேதி குறிப்போம். அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டும். தியேட்டரை மூடிவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்புவோம். ஏற்றிய ரத்தமெல்லாம் அடுத்த தேதி வருவதற்குள் போய்விடும். மூன்றாம் முறையும் இப்படி ஆனபோது, இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் இவள் தாங்கமாட்டாள் என்று ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

அவள் புருஷன் சின்னப்பா கட்டட மேஸ்திரி. பெரிய கட்டடங்களின் மொட்டைமாடியில் தண்ணீர் இறங்காமல் பூசிக்கொடுப்பது அவர் பிழைப்பு. ஏன் தேதி தள்ளிக்கொண்டே போகிறது என்று என்னிடம் கேட்டார். கூரை என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு வந்து மாடியேறிவிட்டார். வெடிப்பைக் கொத்திக் கழுவி, மருந்து கலந்த சிமெண்டால் அடைத்து, காய்ந்தபின் மேலே தண்ணீர் கட்டிவைத்துப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. நாங்கள் தியேட்டரைக் கழுவி, மருந்துப் புகை போட்டுப் பூட்டினோம். கிருமி இல்லை என்று பரிசோதனை முடிவு வந்ததும், எல்லம்மாவுக்கு மறுபடி ரத்தம் ஏற்றி, அடுத்த வார வியாழக்கிழமை என்று தேதி குறித்தோம்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டாக்டர் உமேஷ் என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். 'முன்' என்று ஒரு படம் எடுப்பார்களாம். வேலை முடிந்தபின் அதே இடத்தில் 'பின்' என்று இன்னொரு படம். ஒழுகாத கூரைக்கு எந்த மடையன் பணம் கொடுப்பான், யாரைக் கேட்டு அடைத்தீர்கள் என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். கடைசியில் தமிழுக்கு இறங்கி வந்தார்.

"சிஸ்டர், நாளைக்கு ஒழுகணும். அந்த மேஸ்திரியப் புடிச்சு பேகா, சீக்கிரமா ஏதாவது பண்ணுங்க."

தியேட்டருக்குள் தண்ணீர் விழுந்தால் மறுபடி கழுவ வேண்டும், மறுபடி புகை, மறுபடி பரிசோதனை, எல்லம்மாவின் வியாழக்கிழமை போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு நோயாளியைப் பார்ப்பதா, இனி வரப்போகும் ஆயிரம் நோயாளிகளைப் பார்ப்பதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆயிரம் பேரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு எதிரில் கிடக்கும் ஒருத்தி கண்ணில் படுவதில்லை. எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த சின்னப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் குரல் எழும்பவேயில்லை.

"நாளைக்கு உடைக்கச் சொல்றாரு. நாளன்னிக்கு அதுங்கீழதான சிஸ்டர் எம் பொஞ்சாதி படுக்கணும்?"

அவர் கண் போன பக்கம் என் கண்ணும் போனது. தியேட்டர் கதவு, அதை ஒட்டி சூப்பரின்டெண்ட் அறைக் கதவு. இரண்டுக்கும் ஒரே மொட்டைமாடி.

"ஒழுகணும்னுதான் சொன்னாரு அண்ணா," என்றேன். "எந்த ரூமுன்னு சொல்லல."

சின்னப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து வந்தவள் சிந்து. கரூர்ப் பக்கத்துப் பெண், கம்பெனியின் தர்ம காரியங்களுக்குப் பொறுப்பு. நல்ல பெண்தான், ஏழைகளின் கஷ்டம் படத்தில் தெளிவாக விழ வேண்டுமே என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. டாக்டர் உமேஷ் அவளைத் தியேட்டருக்கு அழைத்து வந்தார். நான் கதவை மறித்து நின்றேன். புகை போட்டுப் பூட்டிய அறை, திறந்தால் நாளைய ஆபரேஷன் கெட்டுவிடும், ஒழுகல் பக்கத்து அறையில் இதைவிட நன்றாகத் தெரியும் என்று பணிவாகச் சொல்லி, அவர் அறைக் கதவைத் திறந்துவிட்டேன்.

சின்னப்பா குறை வைக்கவில்லை. மாடியில் அந்த அறைக்கு நேர் மேலே தளத்தைக் கொத்திவிட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கி அணை கட்டி, தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். வெள்ளைத் துண்டு விரித்த சூப்பரின்டெண்ட் நாற்காலி, அபிஷேகம் ஆனதுபோல நடுவில் நனைந்துகொண்டிருந்தது. டாக்டர் உமேஷ் என்னைப் பார்த்த பார்வையில் என் மாற்றல் உத்தரவே எழுதியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சிந்து கேமராவைத் திறந்துவிட்டாள்.

"சூப்பர் சார், இதான் வேணும். அப்படியே அந்த வாளியப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் சோகமாக என்றாள். அதற்கு அவர் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமையும் மழை வந்தது. மேஜைமேல் எல்லம்மா, என் ஒரு கண் அவள்மேல், ஒரு கண் கூரைமேல். ஒரு சொட்டு இல்லை. கட்டி வெளியே வந்தது, அவள் பிழைத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆனால் 'முன்' படம் எடுத்த இடத்தில்தான் 'பின்' படமும் எடுக்க வேண்டும் என்பது கம்பெனியின் சட்டம். எனவே தியேட்டருக்கென்று வந்த பணம் முழுவதும் சூப்பரின்டெண்ட் அறைக்குள் போனது. கூரைக்கு அடியில் அலங்காரக் கூரை, ஏசி, சோபா, புது நாற்காலி எல்லாம் வந்தன. என் மாற்றலை டாக்டர் உமேஷ் மறந்தே போனார். தியேட்டர் விளக்கு மட்டும் இன்னும் தட்டினால்தான் எரிகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, கம்பெனி அறிக்கையில், புதுப்பித்தபின் ஆபரேஷன்கள் கூடியதாக ஒரு வரி. கூரையை அடைத்தவர் பெயர் அதில் இல்லை.

திறப்பு விழாவுக்குப் பயனாளி ஒருவர் வேண்டுமென்றார்கள். உடம்பு தேறியிருந்த எல்லம்மாவை அழைத்தார்கள். சின்னப்பாவும் கூட வந்து வாசலில் நின்றார். சூப்பரின்டெண்ட் அறை வாசலில் மாட்டியிருந்த பளபளப்பான பலகையைச் சிந்து அவளுக்குப் படித்துக் காட்டினாள்: 'நவீன அறுவை சிகிச்சைக் கூடம்'. பிறகு உள்ளே கூட்டிப்போய், கேமராவைப் பார்த்து நன்றியாக இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னாள்.

எல்லம்மா கூரையைப் பார்த்தாள். ஏசியைப் பார்த்தாள். சோபாவைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் புது நாற்காலியில் சாய்ந்திருந்த டாக்டர் உமேஷைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாகீதும்மா," என்றாள். "இங்க யாருக்கு ஆபரேஷன் பண்ணுவீங்கோ?"

டாக்டர் உமேஷ் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.