சூடு தாங்குற மட்டும்

செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே எருக்கிலை பரப்பி, அதன்மேல் குதிகாலை வைத்து நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "சூடு தாங்குற மட்டும் நில்லுலே" என்று சொல்லியிருந்தான் கூட்டாளி முப்பிடாதி. பிச்சைக்கண்ணு நின்றான். நின்றுகொண்டே இருந்தான். அவனுக்குச் சூடு நன்றாகத் தாங்கியது.

ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வாழைத்தார் சுமக்கிறவன் அவன். முப்பது வருசமாக வரப்பில் வெறுங்காலோடு ஓடிய பாதம். சீனி வியாதி வந்து ஏழெட்டு வருசமாகிறது. நினைப்பு வந்தால் மாத்திரை போடுவான். கொஞ்ச நாளாகக் குதிகாலுக்குள் குடைச்சல், படுத்தால் எறும்பு ஊருகிற மாதிரி. அதற்குத்தான் கூட்டாளி சொன்ன இந்த வைத்தியம்.

வாய்க்காலில் துணி துவைத்துவிட்டு வந்த அவன் பெண்டாட்டி பொன்செல்வி வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கருகுது?"

"எலைதான். வேற என்ன?"

"எலை இப்படியா நாறும்? கால எடுங்க மொதல்ல!"

எடுத்தான். குதிகால் தோலில் கொஞ்சம் இலையோடு செங்கல்லிலேயே தங்கிவிட்டது. பொன்செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கு வலியே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனாள். அங்கே காலுக்கென்றே வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா விஜயஸ்ரீ. வளைகாப்பு முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல். கையில் ஒரு குச்சி, அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை.

"கண்ண மூடிக்கோங்க. காலுல இது படும்போது 'ஆமா'ன்னு சொல்லணும்."

"ஆமா," என்றான். "ஆமா. ஆமா." பத்துக்குப் பத்து.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அவனும் பேசாமல் காத்திருந்தான். கண்ணைத் திறக்கச் சொன்னபோது, வளையலெல்லாம் முழங்கை வரை ஏறியிருந்தது. அந்த இழை அவன் பெருவிரலில் குத்தி வளைந்து நின்றது.

"இவ்வளவு நேரமும் வளையல் சத்தத்துக்கா ஆமா போட்டீங்க?"

"தப்பாச் சொன்னா கால எடுத்துருவியளோன்னு நெனச்சேன், தாயி."

"ஆசுபத்திரியிலயும் களவாணித்தனம்!" என்றாள் பொன்செல்வி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க காலுக்கு வலியும் தெரியாது, சூடும் தெரியாது. இனிமே கண்ணாலதான் பாத்துக்கிடணும். புண்ணு எலும்பு வரைக்கும் போகல. குதிகால் தரையில படாம இருந்தா கால் பிழைச்சிரும். ஆறினபிறகும் ஆயுசுக்கும் வெறுங்கால் கூடாது. சுமையும் வேண்டாம்."

"வயலுக்குள்ளயுமா?"

"அங்கதான் முக்கியமா."

பிச்சைக்கண்ணுவுக்கு அங்கேதான் இடித்தது. சுமையை விட்டுவிட்டுத் தார் வெட்டப் போகலாம். ஆனால் அவர்கள் வேலைக் கூட்டத்தில் யாரும் வாழைக்குள் செருப்போடு இறங்குவதில்லை. வாழை லெட்சுமி. எல்லாச் செருப்பும் வரப்போரம் வரிசையாகக் கிடக்கும். போட்டுக்கொண்டு இறங்கியவனை மறுநாள் கூப்பிடமாட்டார்கள். செருப்புப் போட்டால் வேலை போகும், போடாவிட்டால் கால் போகும்.

வாரம் ஒருமுறை பஸ் ஏறினார்கள். செத்த தோலைச் சீவி எடுத்து, மருந்து வைத்து, குதிகால் தரையில் படாதபடி மெத்தையாகக் கட்டி அனுப்புவாள் டாக்டரம்மா. வீட்டில் பொன்செல்வி தினமும் முகம் பார்க்கிற கண்ணாடியை அவன் பாதத்துக்கு அடியில் பிடிப்பாள். ஒருநாள் முப்பிடாதி ஒரு சீப்புப் பழத்தோடு பார்க்க வந்தான்.

"செங்கல்லு குடுத்தது காணாதுன்னு பழமும் கொண்டாந்தீராக்கும்? எடுத்துட்டுப் போம்!" என்று விரட்டினாள்.

ஒன்பதாவது வாரம் புண் மூடியது. மெத்தென்ற அடியும் பின்னால் வாரும் வைத்த செருப்பு ஒரு சோடி கொடுத்தார்கள்.

"இன்னொரு சோடி வேணும் தாயி" என்றான் பிச்சைக்கண்ணு.

தார் வெட்டு தொடங்கிய அன்று, எல்லோரும் வரப்போரம் செருப்பை விட்டார்கள். அவனும் வரிசையின் கடைசியில் தன் செருப்பை விட்டான். ஆனால் காலைத் தரையில் வைக்காமல் வரப்பில் உட்கார்ந்து, துண்டு முடிச்சை அவிழ்த்து இன்னொரு சோடியை எடுத்து மாட்டினான்.

வாழைக்குச் சொந்தக்காரர் ஞானசம்பந்தன் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன வே இது?"

"இது தெருவையே பாக்காத செருப்பு அண்ணாச்சி. வயலுக்குன்னே வாங்கினது."

அவர் வரிசையில் கிடந்த செருப்பைப் பார்த்தார், அவன் காலைப் பார்த்தார். "லெட்சுமிக்குன்னு தனிச் செருப்பா? நல்ல ஆளுவே நீரு. சரி, இறங்கும்."

அன்று பிச்சைக்கண்ணு வெட்டினான், முப்பிடாதி சுமந்தான். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வரப்போர வேப்பமரத்தடியில் காலை நீட்டியபோது முப்பிடாதி முனகினான்.

"எனக்கும் ரெண்டு மாசமா இந்தக் குதிகால் குடையுதுலே. சாயங்காலம் போயி செங்கல்லத்தான் சுடணும்."

பிச்சைக்கண்ணு எழுந்து உட்கார்ந்தான். காய்ந்த வாழைமட்டையிலிருந்து ஒரு நாரைக் கிழித்தான். "கண்ண மூடு. காலுல படும்போது ஆமா சொல்லு."

"கோட்டிக்காரப் பயலே, என்ன வெளையாட்டு இது?"

"மூடுலே."

மூடினான். நார் பெருவிரலில் பட்டது. "ஆமா." குதிகாலில் பட்டது. "ஆமா." பிச்சைக்கண்ணு நாரோடு கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"ஆமா," என்றான் முப்பிடாதி.

காற்றில் வாழையிலைகள் அடித்துக்கொண்டன.

"ஆமா. என்னலே, பாஸா?"

"நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ்ஸு. எங்கூட வாரே. செங்கல்லத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

முப்பிடாதி கண்ணைத் திறந்து அவன் மடியிலிருந்த நாரைப் பார்த்தான். தன் குதிகாலைத் தடவிக்கொண்டே, "அந்தம்மா நல்லாப் பாப்பாளா?" என்றான்.

"என் கால் இங்கன இருக்குல்லா."

முப்பிடாதி எழப் போனான். "இருலே" என்று அவனை உட்காரவைத்துவிட்டு, பிச்சைக்கண்ணு வரிசையிலிருந்து கூட்டாளியின் செருப்பை எடுத்து வந்தான். அறுந்த வாரில் குத்தியிருந்த ஊக்கு வாயைப் பிளந்து, முனை உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிக் கல்லுக்கு அடியில் போட்டான். கையிலிருந்த நாரால் வாரை இழுத்துக் கட்டி, முடிச்சு காலில் படுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முப்பிடாதியின் காலடியில் வைத்தான்.