ஓரத்தில் உட்காரவைத்த அக்கா

திரையின் கீழ் மூலையில் அக்கா கட்டைவிரல் அளவுக்கு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். மீதி முக்கால் திரையும் வெறும் சுவர். அரங்கில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. படம் பிடித்த தம்பிக்கு இதெல்லாம் கைவந்த கலை. ஆளை ஓரத்தில் ஒதுக்கி, தலைக்கு மேல் இடத்தைக் காலியாக விட்டால் போதும், பார்க்கிறவர் மனசு தானாக இளகிவிடும். அந்தக் காலி இடத்துக்காகத்தான் அக்காவின் தையல்கடையிலிருந்து மற்ற இரண்டு மெஷின்களையும், துணி வெட்டும் மேஜையையும், வேலையாட்களையும் வெளியே தள்ளினான். "எதுக்குடா?" என்று அவள் கேட்டபோது, "வெளிச்சத்த மறைக்குதுக்கா" என்று வாய் கூசாமல் புளுகினான். அவனுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்ததே அந்தக் கடைதான்.

அவள் திரையிடலுக்கு வரமாட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். வந்தாளே! கட்டிங் மாஸ்டரையும் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, பளிச்சென்று உடுத்திக்கொண்டு, முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

"நம்மள எப்போக்கா காட்டுவாங்க?" என்று காஜாக்காரி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். பிறகு திடீரென்று, "ஐயோ, அதோ என் முழங்கை!" என்று கூவினாள். வெளியே போகச் சொன்ன பிறகும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது படத்தின் ஓரத்தில் தப்பி விழுந்த முழங்கை அது. படம் முடிகிறவரை அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பின்வரிசையில் இருந்த தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விளக்கு எரிந்தது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் நேரே வந்து அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"துணைக்கு யாருமே இல்லாம எப்படிம்மா இருக்கீங்க?"

அக்கா திரும்பித் தம்பியைத் தேடிப் பார்த்தாள். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். இப்போது அவள் உள்ளதைச் சொன்னால் அவன் மானம் கப்பலேறும். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்றுகூட நினைத்தான். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னம்மா பண்றது... பழகிடுச்சு" என்றாள் அக்கா. கடையில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்கும் குரல் அல்ல அது. தோள்கூடக் கொஞ்சம் கூனிவிட்டிருந்தது.

கட்டிங் மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காஜாக்காரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் அக்காவின் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் நகர்ந்து, யாரோ எவரோ மாதிரி, வாசல் கதவருகே போய் நின்றார்கள்.