இரண்டு தட்டு ஹார்ன்

வைப்பர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை, வெறும் மூடுபனிதான். ஆனாலும் அந்த ரப்பர் பட்டைகள் கண்ணாடியை இழுத்து இழுத்துத் துடைப்பதையே ஹேசல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பால், சாலையில் கிடப்பதைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கீழே இறங்கிப் போன டெரிக் திரும்பி வந்து ஜன்னலருகே நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் தன் கணவரின் முகம் இப்படி வெளுத்து அவள் பார்த்ததில்லை.

"உயிர் போயிடுச்சு," என்றார். "ஹேசல்... நம்ம டச்சஸ்."

அந்த மட்டக்குதிரைக்கு டச்சஸ் என்று பெயர் வைத்தது ஹேசல்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டும், யாரையும் சட்டை செய்யாத நடையும் அதற்கு இருந்தன. எக்ஸிட்டர் நகரத்திலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவர்கள், குதிரைகள் கட்டில்லாமல் மேயும் டார்ட்மூர் மேட்டுநிலத்துக்கு வருவார்கள். ஃபிளாஸ்கில் தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி, பாறைக் குன்று வரை ஒரு நடை. மூன்று வருடங்களுக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் அது தானாக வந்து அவள் கையை முகர்ந்தது. குதிரைகளுக்கு உணவு தராதீர்கள் என்ற பலகை அங்கேயே இருந்தது. ஹேசல் அதை ஒவ்வொரு முறையும் படிப்பாள். உருளை வறுவல் பாக்கெட்டுகளை வீசிவிட்டுப் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது என்றே நினைத்துக்கொள்வாள். அவள் கொண்டுவருவதோ கழுவி, தோல் சீவி, தொண்டையில் சிக்காதபடி நீளவாக்கில் நறுக்கிய கேரட்.

"எனக்குக்கூட நீ இப்படிச் சீவித் தந்ததில்ல," என்பார் டெரிக். ஆனாலும் வண்டி நிறுத்துமிடத்துக்கு முந்தைய வளைவு வந்ததும் அவளுக்காக ஹார்னை இரண்டு தட்டுத் தட்டுவார். அடுத்த நிமிடம் பாறைகளுக்குப் பின்னாலிருந்து டச்சஸ் இறங்கி வரும். ஆகஸ்டில் குட்டியையும் அழைத்து வந்திருந்தது.

இன்று பனியில் காரின் மூக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எதிரே யாராவது வந்தால் தெரியட்டும் என்று வளைவுக்கு முன்னால் டெரிக் ஹார்ன் அடித்தார். இரண்டு தட்டு. அந்த நேரத்தில் இருவருக்குமே வேறு எதுவும் தோன்றவில்லை.

குதிரைகள் அடிபட்டால் கூப்பிட வேண்டிய எண்ணும் அதே பலகையில்தான் இருந்தது. டெரிக் அழைத்துச் சொன்ன கொஞ்ச நேரத்தில் நான்கு சக்கர பைக்கில் ஒரு பெண்மணி வந்து இறங்கினாள். கம்பளித் தொப்பி, முழங்கால் வரை சேறு. அவள் குனிந்து இறந்த குதிரையின் காதில், சொந்தக்காரர் யாரென்று காட்டும் வெட்டுக்குறியைத் தடவிப் பார்த்தாள்.

"என்னோடதுதான். நான் யூனிஸ்." சாலையை ஒருமுறை பார்த்தாள். "நீங்க வேகமா வரல, தடத்தைப் பாத்தாலே தெரியுது. இவதான் குறுக்க விழுந்திருக்கா. இவ அம்மாவோ, அவளோட அம்மாவோ இந்த ரோட்டை மிதிச்சதே இல்ல கண்ணு. எவனோ டவுன்காரன் தீனி காட்டிப் பழக்கியிருக்கான். கையில மாட்டட்டும், அவனை லாயத்துல கட்டி நானே வைக்கோல் போடுறேன்."

டெரிக் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹேசலின் கை கோட்டுப் பையின் மேல் இருந்தது. உள்ளே கேரட் துண்டுகள் ஈரமாக, விரல்கள் போல இருந்தன.

பனிக்குள் ஒரு மெல்லிய கனைப்பு கேட்டது.

"குட்டி," என்றாள் யூனிஸ். "அஞ்சு மாசமாச்சு, பால் இல்லாம பொழைச்சுக்கும். நம்மளக் கண்டு மிரண்டு ஓடிச்சுன்னா கவலையில்ல, மேல கூட்டத்தோட சேத்துடுவேன்."

"ஓடலேன்னா?" குரல் தன்னுடையதுதானா என்று ஹேசலுக்கே சந்தேகமாக இருந்தது.

"அதுக்கும் ரோட்டு ருசி பட்டிருந்தா வெளிய விட முடியாதும்மா. அடுத்த கார்ல யாராவது புள்ளைங்கள வச்சு ஓட்டிட்டு வருவாங்க. குட்டிங்களைச் சும்மா தந்தாலும் வாங்க ஆளில்ல. துப்பாக்கிக்காரனைத்தான் கூப்பிடணும்." அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அசையாம நில்லுங்க. என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

பனி கொஞ்சம் கெட்டியாகி, கால்கள் முளைத்து நடந்து வருவது போல குட்டி வந்தது. தாயின் கழுத்தை முகர்ந்தது. மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. பிறகு இன்னொரு தள்ளு. எழுந்திருக்காத அம்மாவை என்ன செய்வதென்று தெரியாமல் நிமிர்ந்து, காரைப் பார்த்தது.

ஓடு, என்று ஹேசல் மனதுக்குள் கதறினாள். போன மாதம் இதே இடத்தில் உள்ளங்கையை நீட்டி, வா வா என்று கிசுகிசுத்தவள் அவள்தான். காரின் கதவு முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனாள். குட்டி அவளை நோக்கி ஓர் அடி வைத்தது.

"போ!" என்று கத்தினாள். "போயிடு, போ!"

கையை உயர்த்தினாள். அடிக்கப்போவது போல, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம். ஆனால் மனிதக் கை எதற்கு உயரும் என்று குட்டிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். அது வேகமாக வந்தது. உயர்ந்த கையில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் தலையைத் தாழ்த்தி, நேராகக் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

யூனிஸ் அந்தப் பையைப் பார்த்தாள். கம்பளித் தொப்பியை மெதுவாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

குட்டி ஒரு துண்டை உருவி மென்றது. அந்த அமைதியில் அதன் பற்களின் சத்தம் மட்டும் கேட்டது. ஹேசலின் கை இன்னும் காற்றிலேயே நின்றது.

தூரத்தில், பனிக்குள் எங்கோ, ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. இரண்டு தட்டு. குட்டி மெல்வதை நிறுத்தி, காதுகளைச் சாலையின் பக்கம் திருப்பியது.