ரொஸ்னர் பேக்கரி இணையத்துக்கு வந்த விதம்

லொங்குய்யில் இருந்த காப்புறுதி அலுவலகம் சர்மிளாவை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியபோது அவள் அழவில்லை. மூன்று வாரம் ஒரு பயிற்சி எடுத்தாள். நாலாவது வாரம் 'டிஜிட்டல் ஆலோசகர்' என்று பெயர் அட்டை அடித்தாள். முதல் வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்தவர் பத்திநாதர். ரொக்ஸ்பரோவில் பக்கத்து வீடு. இருபத்திரண்டு வருடமாக ரொஸ்னர் பேக்கரியில் போறணை அடுப்பில் பாண் ரொட்டி சுடுபவர்.

அது யூதர்களின் கோஷர் பேக்கரி. மாவிலிருந்து தட்டு வரை எல்லாம் அவர்களுடைய மத விதிப்படி. பாலும் வெண்ணெயும் உள்ளே வராது. பன்றி என்றால் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளி பொழுதுபடப் பூட்டினால் ஞாயிறு காலைதான் திறப்பு. எழுபது வயது மெண்டல் ரொஸ்னரும் மகள் மிரியமும் நடத்துகிறார்கள்.

"எங்களுக்கு இணையம் எதற்கு? என் ஆட்களில் பாதிப்பேர் அதைப் பார்ப்பதே இல்லை" என்றார் மெண்டல்.

"மற்றப் பாதிப்பேர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள் சர்மிளா. பயிற்சியில் படித்த வசனம். மிரியத்துக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் வாரம் பேக்கரிக்காக அவள் தொடங்கிய இணையப் பக்கத்தில் நூற்றுப் பதினாறு பேர் சேர்ந்தார்கள். நூற்றுப் பத்துப்பேர் சர்மிளாவின் சொந்தக்காரர். ஸ்காபரோ பெரியம்மா 'வாழ்த்துக்கள் மகள்' என்று எழுதினார். பாரிஸ் சித்தப்பா வாயில் வைத்தே பார்க்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'பாண் பிரமாதம்' என்றார். சர்மிளா இதை 'சர்வதேச வரவேற்பு' என்று மிரியத்துக்கு விளக்கினாள்.

படங்கள்தான் எடுபடவில்லை. பின்னல் போட்ட பாண் படத்திலும் சும்மா பாணாகவே இருந்தது. வெள்ளி பின்னேரம் கைபேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம், 'வாயூற வைக்கிற மாதிரி ஆக்கு' என்றாள். அது பாணின் மேல் வெண்ணெயை உருக்கி ஊற்றி, பக்கத்தில் இளஞ்சிவப்பாக எதையோ மெல்லியதாக மடித்து அடுக்கியது. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாத சர்மிளாவுக்கு அது ரோசாப்பூ இதழாகத் தெரிந்தது. 'எங்கள் பாரம்பரியம்' என்று கீழே எழுதிப் போட்டுவிட்டாள்.

சனி காலை பத்திநாதர் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, என்ன படம் போட்டனீ?"

"ஏன் அண்ணை, ரோசாப்பூ வடிவாத்தானே கிடக்கு?"

"ரோசாப்பூவோ? அது பண்டி இறைச்சி, பிள்ளை!"

படத்தை அந்த நிமிடமே அழித்தாள். ஆனால் மெண்டலுக்குச் சொல்ல வழியில்லை. சனி அவர்களுடைய மத ஓய்வுநாள், பொழுதுபடும்வரை அந்த வீட்டில் யாரும் போனைத் தொடமாட்டார்கள். இருட்டியதும் சர்மிளா மிரியத்துக்குப் போன் எடுத்தாள். அவளுடைய போனில் ஏற்கெனவே யாரோ கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், லைன் கிடைக்கவேயில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பேக்கரிக்குப் போனால், தெருமுனை வரை வரிசை. இணையம் பார்ப்பதே இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் அத்தனைபேரும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒருவர்கூடப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. கோஷர் விதிகளை மேற்பார்வை செய்யும் மதகுரு மாச் சாக்கு, தட்டு, போறணை, பத்திநாதரின் ஜாக்கெட் பை வரை துழாவினார். பிறகு வாசலுக்கு வந்து, "எல்லாம் சுத்தம்" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா? ஆளுக்கு இரண்டு பாண் வாங்கினார்கள். பத்து மணிக்குத் தட்டுகள் காலி.

"பிழை என்னுடையது, மிஸ்டர் ரொஸ்னர். போடமுதல் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்" என்றாள் சர்மிளா. இப்படி ஒரு வசனம் பயிற்சியில் இருக்கவில்லை.

மெண்டல் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார். "நாற்பது வருடம் நல்ல பாண் போட்டேன். இவ்வளவு கூட்டம் ஒருநாளும் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்."

பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார். விலாசம், போன் நம்பர், திறக்கும் நேரம் போதும். மாகாணச் சட்டப்படி பிரெஞ்சு மேலே, ஆங்கிலம் கீழே. சர்மிளா அங்கேயே நின்று செய்து காட்டினாள். மெண்டல் ஆறுதலாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல்தடவையாக அவருக்கு இணையம் பிடித்தது. மிரியத்திடம் அதை அச்சடிக்கச் சொல்லி, தன் கையாலேயே கடைக் கதவில் ஒட்டினார்.

வாசலில் நின்ற இரண்டு கிழவர்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்கள். போன் நம்பரில் ஓர் இலக்கம் பிழை என்று ஒருவர் கண்டுபிடித்தார். சர்மிளா அவரிடமே பேனாவை இரவல் வாங்கித் திருத்தினாள்.